மறைந்திருக்கும் மூலை: மூடுகோணக் கண் அழுத்த நோயும் படிமக் கருவிகளும்

கண் அழுத்த நோய் என்றும் கிளாக்கோமா என்றும் வழங்கப்படுவது, கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பைப் படிப்படியாக அழிக்கும் நோயாகும். அழிந்த நரம்பிழைகளை மீட்டுத் தரும் மருந்து இன்றுவரை இல்லை. ஆதலின் இந்நோயை எவ்வளவு முன்னதாகக் கண்டறிகிறோம் என்பதைப் பொறுத்தே பார்வை எஞ்சும். கண்டறிவதற்கோ முதலில் காண வேண்டும். நோயின் ஒரு வகையில், காண வேண்டிய இடமே கண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது. அம்மறைவிடத்தைப் படம்பிடிக்கும் கருவிகளையும், அப்படங்கள் நமக்குக் கற்பித்தவற்றையும், அவை இன்னும் தீர்க்காத ஒரு வினாவையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண் அழுத்த நோயில் திறந்தகோண வகை, மூடுகோண வகை என இரு பெரும் பிரிவுகள் உண்டு. மூடுகோண வகை எண்ணிக்கையில் குறைந்தது, விளைவில் கொடியது. ஹாரி குவிக்லி, ஏமி புரோமன் என்னும் ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் இந்நோயுற்றோரில் ஏறத்தாழக் கால் பங்கினரே மூடுகோண வகையினர். ஆனால் நோயால் இரு கண்களிலும் பார்வையிழப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வகையினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆசியர்.

சிங்கப்பூருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. மூடுகோண நோயின் திடீர்த் தாக்குதலுக்கு, 30 வயதும் அதற்கு மேலும் ஆனோரில், ஆண்டுதோறும் இலட்சத்துக்கு ஏறத்தாழ 12 பேர் உள்ளாவதாக 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. அன்று உலகில் பதிவாகியிருந்த மிக உயர்ந்த அளவுகளுள் அதுவும் ஒன்று. 1990இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசியக் கண் நிலையமும், 1997இல் தோன்றிய சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகமும் இந்நோயைத் தம் ஆய்வின் மையப் பொருள்களுள் ஒன்றாகக் கொண்டதற்கு இதுவும் காரணம் எனலாம்.

கோணம் என்பது யாது?

கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் வளைந்து, ஒளியை உள்ளே விடும் படலம் கார்னியா. அதன் பின்னே வண்ணத் திரையாகத் தொங்குவது ஐரிஸ். ஐரிசின் நடுவே உள்ள துளையே கண்மணி. ஐரிசுக்குப் பின்னால் விழிலென்சு அமைந்துள்ளது.

இங்கு ஒரு சொற்சிக்கலைக் குறிப்பிடுதல் தகும். கண்தான அறிவிப்புகளில் ‘கருவிழி’ என்னும் சொல் கார்னியாவைக் குறிக்கிறது. பேச்சு வழக்கிலோ ஐரிசும் கண்மணியும் சேர்ந்து தோன்றும் கரிய வட்டத்தைக் குறிக்கிறது. கார்னியாவும் ஐரிசும் சந்திக்கும் மூலையே நாம் பேசும் ‘கோணம்’. அம்மூலையின் இரு சுவர்களுக்கும் ஒரே பெயர் வழங்கினால் பாடம் குழம்பிவிடும். ஆகவே இக்கட்டுரையில் கார்னியா, ஐரிஸ் என்னும் சொற்களையே ஆள்கிறோம். வகுப்பறையிலும் இவ்வேறுபாட்டை முதலிலேயே தெளிவுறுத்துவது நன்று.

ஐரிசின் பின்னே ஒரு தெளிந்த நீர்மம் இடையறாது சுரக்கிறது. இது கண்ணீர் அன்று. கண்ணின் உட்பகுதிக்கு ஊட்டமளிக்கும் வேறொரு நீர்மம். அதன் அளவு நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மைக்ரோலிட்டர். அதாவது ஒரு சொட்டு நீரின் இருபதில் ஒரு பங்கு. அது ஐரிசுக்கும் லென்சுக்கும் இடையே கசிந்து, கண்மணி வழியே முன்னறைக்கு வந்து, கோணத்தில் உள்ள சல்லடை போன்ற திசுவின் வழியே வடிந்து குருதியில் கலக்கிறது. சுரப்பும் வடிகாலும் ஒத்திருக்கும் வரை கண்ணின் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும்.

திறந்தகோண வகையில் வடிகாலின் வாயில் திறந்தே உள்ளது. சல்லடை மட்டும் சரிவரச் செயற்படுவதில்லை. மூடுகோண வகையில் ஐரிஸ் முன்னோக்கி வந்து சல்லடையின்மேல் படிந்துவிடுகிறது. தொட்டியின் வடிவாயிலில் துணியொன்று சென்று ஒட்டிக்கொள்வதற்கு இதனை ஒப்பிடலாம். அடைப்பு முழுமையாகவும் திடீரெனவும் நேர்ந்தால் கடும் கண்வலி, சிவப்பு, தலைவலி, வாந்தி, விளக்குகளைச் சுற்றி வண்ண வளையங்கள் ஆகியவை தோன்றும். ஆயினும் மூடுகோண நோயுற்றோரில் பெரும்பாலோருக்கு இத்தகைய தாக்குதல் நேர்வதே இல்லை. கோணம் சிறிது சிறிதாக மூடிக்கொள்ள, வலியின்றியே பார்வை குறைகிறது. அதனால்தான் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் கோணத்தை நேரில் கண்டறியும் தேவை எழுகிறது.

நேரே நோக்கினால் தெரியாத இடம்

கார்னியா கண்ணாடிபோல் தெளிந்திருந்தும், அதன் ஓரத்தில் உள்ள கோணம் வெளியிலிருந்து தெரியாதது ஏன்? உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் வரும் முழு அகப் பிரதிபலிப்பே அதற்குக் காரணம். கோணத்திலிருந்து புறப்படும் ஒளி, கண்ணின் மேற்பரப்பில் காற்றைச் சந்திக்கும்போது, ஏறத்தாழ 46 பாகை என்னும் மாறுநிலைக் கோணத்தை மீறிய சாய்வில் வந்து சேர்கிறது. எனவே அது வெளியேறாமல் உள்ளேயே திருப்பப்படுகிறது.

கண்ணின்மேல் ஒரு தொடுவில்லையை வைத்தால், காற்று இருந்த இடத்தில் கண்ணாடி அமைகிறது. ஒளி வெளியேற வழி பிறக்கிறது. வில்லைக்குள் சாய்வாகப் பொருத்திய ஆடியின் வழியே மருத்துவர் கோணத்தைப் பார்க்கலாம். இதுவே கோணநோக்கிச் சோதனை. உயிருள்ள மனிதரின் கண்ணில் கோணத்தை முதலில் கண்டு விவரித்தவராகக் கிரேக்க மருத்துவர் அலெக்சியோஸ் டிரான்டாஸ் போற்றப்படுகிறார். நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடைய இம்முறையே இன்றும் கோணத்தை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

ஆயினும் இதற்குச் சில குறைகள் உண்டு. கண்ணை மரத்துப்போகச் செய்து வில்லையை வைக்க வேண்டும். அழுத்தம் சற்று மிகுந்தாலும் கோணத்தின் வடிவம் மாறிவிடும். நல்ல பயிற்சி இல்லையெனில் முடிவு பிழைபடும். இவற்றினும் அடிப்படையான குறை வேறொன்று: பார்ப்பதற்கு ஒளி வேண்டும், ஒளி பட்டால் கண்மணி சுருங்கும், கண்மணி சுருங்கினால் ஐரிஸ் இழுபட்டுக் கோணம் அகலும். இருளில் மூடும் கோணத்தை வெளிச்சத்தில் தேடுவதாக இச்சோதனை அமைந்துவிடக்கூடும்.

ஒலியும் ஒளியும் வரையும் படங்கள்

1990ஆம் ஆண்டளவில் கனடாவின் டொராண்டோ நகரில் சார்லஸ் பாவ்லின், ஸ்டுவர்ட் ஃபாஸ்டர் ஆகியோர் மீயொலி நுண்நோக்கியை உருவாக்கினர். வினாடிக்கு ஏறத்தாழ 5 கோடி அதிர்வுகள் கொண்ட ஒலியலைகளைக் கண்ணுக்குள் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலிகளைக் கொண்டு குறுக்குவெட்டுப் படம் வரையும் கருவி இது. ஐரிசின் நிறமியை ஒலி ஊடுருவுவதால், அதன் பின்னே உள்ள பகுதிகளையும் இக்கருவி காட்டும். எனினும் கண்ணின்மேல் நீர்க்கிண்ணம் போன்ற ஒன்றைப் பொருத்தி, நோயாளியைப் படுக்கவைத்துச் செய்யவேண்டிய சோதனையாக இது தொடங்கியது. பலரை விரைவாகச் சோதிக்க ஏற்றதாக இருக்கவில்லை.

1991இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த குழுவினர் ஓசிடி எனச் சுருக்கமாக வழங்கும் ஒளிவழிக் குறுக்குவெட்டுப் படிம முறையை அறிவித்தனர். ஒலிக்கு மாற்றாக ஒளியின் ‘எதிரொலி’யை அளப்பது இதன் கருத்து. ஆனால் ஒளி ஒரு மில்லிமீட்டரைக் கடக்கும் நேரம், ஒரு வினாடியை இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் மூன்றைச் சற்றே மிஞ்சும். அதனை நேரடியாக அளக்க இயலாது. எனவே ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் மற்றொன்றை ஓர் ஆடிக்கும் அனுப்புகின்றனர். திரும்பிவரும் இரண்டும் கலக்கும்போது தோன்றும் குறுக்கீட்டு விளைவிலிருந்து, ஒளி எந்த ஆழத்திலிருந்து மீண்டது என்பது கணிக்கப்படுகிறது.

விழித்திரையைக் காண்பதற்கென வளர்ந்த இம்முறை, பின்னர்க் கண்ணின் முன்பகுதிக்கும் ஏற்றவாறு மாற்றப்பட்டது. அதற்கு 1,310 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்பு ஒளி தேர்ந்தெடுக்கப்பட்டது. கண்ணின் வெண்படலத்தில் இவ்வொளி குறைவாகவே சிதறுவதால் கோணம் வரை சென்று மீள்கிறது. கண்ணுள் இருக்கும் நீர் இதனைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்வதால் விழித்திரைக்குத் தீங்கு நேர்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வொளி கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே கண்மணி சுருங்குவதில்லை. எதையும் தொடாமல், இருட்டறையில், கோணம் இருளில் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே படம்பிடிக்க முடிந்தது. பின்னர் வந்த கருவிகள் இரண்டரை வினாடிக்குள் 128 வெட்டுகளை எடுத்து, கோணத்தின் முழு வட்டத்தையும் காட்டும் நிலைக்கு வளர்ந்தன.

இருளில் எடுத்த படம் சொன்னது

இக்கருவியின் திறன் சிங்கப்பூரில் முனைந்து சோதிக்கப்பட்டது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 203 பேரின் கண்கள் கோணநோக்கியாலும் ஓசிடியாலும் தனித்தனியே மதிப்பிடப்பட்டன. கோணநோக்கி ‘மூடியது’ என்றவர்களுள் 98 விழுக்காட்டினரை ஓசிடியும் மூடியதாகக் காட்டியது. ஆனால் கோணநோக்கி ‘திறந்தது’ என்றவர்களிலும் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரை ஓசிடி மூடியதாகவே காட்டியது.

இவ்வேறுபாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஓசிடி மிகையாகக் கூறுகிறதா? அல்லது கோணநோக்கி காணத் தவறியதை அது முன்கூட்டியே காண்கிறதா? காலம்தான் விடை சொல்ல முடியும். சிங்கப்பூரில் மணி பாஸ்கரனும் குழுவினரும் மேற்கொண்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகையோரை நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்தது. கோணநோக்கியில் திறந்தும் ஓசிடியில் மூடியும் இருந்தோரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்கு, இப்போது கோணநோக்கியிலும் கோணம் மூடியிருந்தது. இரு முறைகளிலும் திறந்திருந்தோர் எவருக்கும் அவ்வாறு நேரவில்லை. ஆகவே படம் வீண் எச்சரிக்கை செய்யவில்லை. ஆயினும் ஆறில் ஐவருக்கு நான்கு ஆண்டுகளில் அந்நிலை வரவில்லை என்பதையும் உடன் நினைவிற்கொள்ள வேண்டும்.

படங்கள் நோயின் காரணத்தைப் பற்றிய நம் அறிவையும் விரித்தன. கண்மணியில் நீர்மம் தடைப்பட்டு, ஐரிஸ் பாய்மரம்போல் முன்னோக்கிப் புடைப்பதே கோணம் மூடுவதற்கு முதற்காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது மெய்யே; ஆனால் முழு மெய்யன்று. லென்சின் முன்முனை எவ்வளவு தூரம் முன்னே துருத்தி நிற்கிறது என்பதை ஓசிடி படத்தில் அளந்த சிங்கப்பூர் ஆய்வாளர்கள், அத்துருத்தல் மிக்க கண்களில் கோணம் மூடும் வாய்ப்பும் மிகுதி என்று 2011இல் காட்டினர். வயது ஏற ஏற லென்சு தடிக்கிறது. முதியோரிடம் இந்நோய் மிகுவதற்கு இது ஒரு காரணம். ஐரிசும் வெறும் துணித்திரையன்று. நீரை உறிஞ்சிய பஞ்சு போன்றது. கண்மணி விரியும்போது அது நீரை இழந்து பருமன் குறைகிறது. மூடுகோணக் கண்களில் இக்குறைவு போதிய அளவு நிகழ்வதில்லை என்பதும் படங்களால் தெரியவந்தது.

இவ்வறிவு சிகிச்சையிலும் எதிரொலித்தது. சிங்கப்பூரும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வொன்று 419 பேரைக் கொண்டு 2016இல் முடிவை அறிவித்தது. மூடுகோண நோயுற்றோருக்கும், கோணம் மூடி அழுத்தம் மிகவும் உயர்ந்தோருக்கும், லேசரால் ஐரிசில் துளையிடுவதைக் காட்டிலும், கண்புரை தோன்றாதபோதும் லென்சையே அகற்றிச் செயற்கை லென்சைப் பொருத்துவது கூடுதல் பயன் தந்தது.

கண்டதெல்லாம் நோயாகுமா?

இனி, தொடக்கத்தில் குறித்த வினாவுக்கு வருவோம். கோணம் குறுகியிருப்பது ஒரு நிலை. கோணம் மூடி அழுத்தம் உயர்வதோ ஐரிஸ் நிலையாக ஒட்டிக்கொள்வதோ அடுத்த நிலை. பார்வை நரம்பு பாதிக்கப்படுவது மூன்றாம் நிலை. இம்மூன்றாவதே ‘நோய்’ எனப்படும். 2002இல் பால் ஃபாஸ்டரும் பிறரும் வகுத்த இப்பாகுபாடு இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. முதல் நிலையில் கண்ட ஒவ்வொருவருக்கும் லேசர் சிகிச்சை அளித்துவிடலாமே என்று எண்ணத் தோன்றும்.

வேலூரில் முன்னர்ச் சோதிக்கப்பட்டுக் குறுகிய கோணமுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்களுள் 50 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 11 பேர் அடுத்த நிலைக்குச் சென்றிருந்தனர் என 2003இல் அறிவிக்கப்பட்டது. சீனாவின் குவாங்சௌ நகரில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் சிகிச்சை செய்து, மறு கண்ணை ஒப்பீட்டுக்காக விட்டு, ஆறு ஆண்டுகள் கண்காணித்தனர். சிகிச்சை பெற்ற கண்களில் 19, பெறாத கண்களில் 36 அடுத்த நிலையை அடைந்தன. சிங்கப்பூரில் 480 பேரிடம் அதே முறையில் ஐந்து ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது: சிகிச்சை பெற்ற கண்களில் 24, பெறாதவற்றில் 45.

இவ்வெண்கள் இரு உண்மைகளை ஒருங்கே கூறுகின்றன. லேசர் சிகிச்சை ஆபத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. ஆனால் எந்தச் சிகிச்சையும் பெறாத கண்களிலும் சிங்கப்பூரில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஐந்து ஆண்டுகள் கேடின்றி இருந்தன. ஒரு கண்ணில் கேட்டைத் தவிர்க்க ஏறத்தாழ 22 கண்களுக்கு லேசர் செய்ய வேண்டும் என்பது சிங்கப்பூர் ஆய்வின் கணக்கு. எனவே படம் நன்கு காட்டுகிறது என்பதனாலேயே அனைவருக்கும் சிகிச்சை தேவை என்று ஆகிவிடாது. குறுகிய கோணங்களைக் காணும் திறன் பெருகிவிட்டது. அவற்றுள் எது மூடப்போகிறது என்று முன்னுரைக்கும் திறனே இனி வளர வேண்டியது.

கருவிக்கும் எல்லைகள் உள. கோணத்தை அளப்பதற்கு அடையாளமாகக் கொள்ளும் வெண்படல முனை, தொடக்ககாலக் கருவிகள் எடுத்த படங்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவற்றில் தெளிவாகத் தெரியவில்லை எனச் சிங்கப்பூரில் 2008இல் நடந்த ஆய்வு கூறியது. ஐரிஸ் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிறதா, நிலையாக ஒட்டிவிட்டதா என்பதைப் படம் எளிதில் பிரித்துக் காட்டாது. மருத்துவர் வில்லையால் மெல்ல அழுத்திப் பார்த்தே அறிய வேண்டும். கோணத்தில் புதிதாக முளைத்த குருதிக்குழாயின் நிறத்தையும் சாம்பல் நிறப் படம் காட்டாது. படங்களைக் கணினியே படித்து வகைப்படுத்தும் செயற்கை நுண்ணறிவு முறைகளும் 2019 முதல் சிங்கப்பூர்ப் படங்களைக் கொண்டு உருவாகியுள்ளன. அவை பலரை விரைவில் சலித்தெடுக்க உதவும். ஆனால் மருத்துவர்கள் குறித்துக் கொடுத்த விடைகளிலிருந்தே அவையும் கற்கின்றன என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

தமிழர் அறிய வேண்டுவன

மருத்துவமனைப் பதிவுகளின்படி, சிங்கப்பூர் இந்தியரிடையே மூடுகோண நோய் சீனரிடையே உள்ளதில் ஏறத்தாழப் பாதியளவே. இது முற்றிலும் ஆறுதல் தரும் செய்தியன்று. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றில் இருவர் அல்லது மூவருக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. இருநூற்றில் ஒருவருக்கு மூடுகோண வகை. அவ்வாறு கண்டறியப்பட்டோரில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் தமக்கு நோயிருப்பதை அதற்கு முன் அறிந்திருக்கவில்லை.

நீரிழிவு உள்ள பலர் பலதுறை மருந்தகத்தில் ஆண்டுதோறும் கண்படம் எடுத்துக்கொள்கின்றனர். அப்படம் கண்ணின் பின்புறத்தில் உள்ள விழித்திரையைக் காட்டுவது. முன்புறத்தில் உள்ள கோணத்தைக் காட்டுவதன்று. ‘கண்ணைப் படம் எடுத்தாயிற்று, குறையில்லை’ என்று இருந்துவிடாமல், 40 வயதைக் கடந்தோர் கோணத்தையும் சோதித்தார்களா என்று கேட்பது நலம். தூரப்பார்வைக்கான கண்ணாடி அணிவோர், முதிய பெண்கள், இந்நோயுற்றவரின் உடன்பிறந்தோர் ஆகியோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

கண்மணியை விரிக்கும் சூழலும் மருந்தும் குறுகிய கோணத்தை மூடச் செய்யலாம். இருண்ட திரையரங்கில் அமர்ந்திருப்பதும், சளிக்கும் ஒவ்வாமைக்கும் உரிய சில மாத்திரைகளும் இவற்றுள் அடங்கும். தேக்காவில் படம் பார்த்துத் திரும்பும் மூத்தவர் ஒருவர் கண்வலியும் தலைவலியும் வாந்தியும் என்று கூறினால், அதனை வயிற்றுக் கோளாறு என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ ஒதுக்கி, உறங்கி எழுந்தால் சரியாகும் என்று விடலாகாது. விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறதா, பார்வை மங்கியுள்ளதா என்று கேட்டு, அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதமும் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும்.

இக்கேள்விகளை வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் அறிந்த மொழியில் கேட்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். அவர்களுடைய மகனோ மகளோ பேரப்பிள்ளையோதான். கோணம், கார்னியா, ஐரிஸ் என்னும் சொற்களையும் அவற்றின் பொருளையும் வகுப்பறையில் தமிழில் தெளிவாகக் கற்ற மாணவர், தம் பாட்டிக்கு இதனை விளக்கிச் சொல்ல முடியும். நவீனக் கருவி கோணத்தைக் காட்டும். அக்கருவியின்முன் உரிய காலத்தில் ஒருவரைக் கொண்டுபோய் அமர்த்துவது, அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்படும் செய்தியே ஆகும்.